பத்தாயிரம் ரூபாய்க்கு டயர்: பழசு நாலா, புதுசு ரெண்டா?

கேள்வி: ஈரோட்டு வாசகர், 5 செப்டம்பர் 2025

2013 ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன். டயர் அளவு 165/80 ஆர்14. முன்பக்கம் இரண்டும் தேய்ந்துவிட்டன, பின்பக்கம் பாதி பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் மேடு) இருக்கிறது. வாரம் ஒரு தடவை சேலம் போய் வருவேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். கையில் பத்தாயிரம்தான். ஒரு கடையில் "பழைய டயர் ஒண்ணு 1,800, எண்பது பர்சென்ட் பட்டன் இருக்கு, நாலையும் மாத்திடுங்க" என்கிறார்கள். புதுசு ஒன்று 4,900 சொல்கிறார்கள், இரண்டுதான் வாங்க முடியும். பழசு நாலா, புதுசு இரண்டா?

பதில்: இதே இழையில் நாமக்கல்காரர் ஒருவர் அவ்வப்போது எழுதியவை

5 செப்டம்பர், இரவு

புதுசு இரண்டு. முன்னாடி மாட்டுங்கள், இஞ்சின் இழுப்பது அந்தச் சக்கரங்களைத்தான். ஆனால் இன்றைக்கே ஓடிப்போய் வாங்காதீர்கள். 3ஆம் தேதி கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் டயர் வரியை 28 பர்சென்ட்டிலிருந்து 18 ஆக்கிவிட்டது, 22ஆம் தேதியிலிருந்து அமல். பத்து பர்சென்ட் குறையும். இரண்டரை வாரம் பொறுக்கலாம்.

6 செப்டம்பர்

மேலே நான் எழுதியதில் ஒரு தப்பு. பத்து பர்சென்ட் குறையாது. ஒரு கணக்கு வாத்தியார் செல்லமாகக் குட்டிவிட்டுப் போயிருக்கிறார். அடக்க விலை 100 என்றால் இப்போது 128 கொடுக்கிறோம், இனி 118. 128இல் பத்து போனால் எட்டு பர்சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. 4,900 டயர் சுமார் 4,517க்கு வர வேண்டும். ஒன்றுக்கு 380 ரூபாய் மிச்சம், இரண்டுக்கு 760. வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), பேலன்சிங் (சக்கரம் ஆடாமல் சுற்ற எடையைச் சமன்செய்வது) காசு அதிலேயே வந்துவிடும்.

கடைக்காரர் பழைய ஸ்டாக் என்று சொல்லிப் பழைய விலையே கேட்பார். 22க்குப் பிறகு போடும் பில்லில் 18தான் இருக்க வேண்டும், அதை மட்டும் பாருங்கள்.

6 செப்டம்பர், மதியம்

கேட்டவருக்கு ஒரு வேலை. ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து நிறுத்திவிட்டு, முன்சக்கரத்தின் உள்பக்க ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மெதுவாகத் தடவுங்கள். வெளியே நின்று பார்த்தால் தெரிவது பாதி டயர்தான். அலைன்மென்ட் கெட்ட வண்டியில் உள்ஓரம் மட்டும் தனியாகத் தின்றுகொண்டே போகும், வெளியே பட்டன் ஜம்மென்று இருக்கும்.

நடு மட்டும் தேய்ந்திருந்தால் காத்து அதிகம் அடித்து ஓட்டியிருக்கிறீர்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காத்துக் குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். புது டயர் போடும் முன் காரணத்தைச் சரி செய்யாவிட்டால் புதுசும் அதே வழியில்தான் போகும்.

7 செப்டம்பர்

கேட்டவர் தடவிப் பார்த்திருக்கிறார். இடது முன்சக்கர உள்ஓரத்தில் கம்பி விரலில் குத்தியிருக்கிறது. படமும் போட்டிருக்கிறார், ரப்பர் கிழிந்து தாடி மயிர் மாதிரி எஃகுக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது.

ஐயா, 22 வரை பொறுக்கலாம் என்றது வண்டி நிற்கும் பட்சத்தில். 760 ரூபாய்க்காக அந்த டயரோடு நெடுஞ்சாலை ஏற வேண்டாம். அந்தக் கம்பிப் பட்டைதான் டயரைக் கட்டிப் பிடித்திருக்கிறது. வெயிலில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது விட்டுப்போனால் பஞ்சர் மாதிரி புஸ்ஸென்று இறங்காது, வெடிக்கும். ஈரோட்டிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்? இந்த இரண்டு வாரமும் பஸ்ஸில் போய் வாருங்கள்.

7 செப்டம்பர், இரவு

"அப்புறம் ஏன் பழசு வேண்டாம், காரணம் சொல்லவில்லையே" என்று இரண்டு பேர். சொல்கிறேன்.

நான் இருப்பது நாமக்கல். இங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலே டயர் பேச்சுதான் காதில் விழும். பழைய டயரில் "எண்பது பர்சென்ட் பட்டன்" என்பதை நான் மூன்று விதமாகச் சந்தேகப்படுவேன். முதலாவது, பட்டன் வெட்டினது. தேய்ந்த டயரின் கோடுகளைச் சூடேற்றிய கத்தியால் இன்னும் ஆழமாகச் சீவி எடுத்துவிடுவார்கள். பார்க்கப் பள்ளம் பள்ளமாக இருக்கும், ஆனால் அந்தப் பள்ளத்துக்கும் கம்பிக்கும் நடுவே இருக்க வேண்டிய ரப்பர் போய்விட்டது. கண்டுபிடிக்க வழி: நீளப் பள்ளத்துக்குள் அங்கங்கே குறுக்கே சின்னத் திட்டு இருக்கும், டயர் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டது என்று காட்டும் அடையாளம். வெட்டின டயரில் அந்தத் திட்டு அறுபட்டிருக்கும், அல்லது திட்டு மட்டும் மேட்டில் நிற்க பக்கத்துப் பள்ளம் சம்பந்தமே இல்லாத ஆழத்தில் கிடக்கும். பள்ளத்தின் அடிப்பாகமும் அச்சில் வார்த்த வழவழப்பாக இல்லாமல், அரிவாள்மணையில் நறுக்கின மாதிரி இருக்கும்.

இரண்டாவது, உள்ளே ஒட்டுப்போட்டது. ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கம் பார்த்தால்தான் தெரியும். சைடுவாலில் (டயரின் பக்கச்சுவரில்) ஒட்டு இருந்தால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள், அங்கே ஒட்டுப்போட்டு ஓட்டவே கூடாது.

மூன்றாவது, வயசு. பட்டன் இருக்கும், ரப்பர் செத்திருக்கும். சைடுவாலில் டிஓடி (DOT) என்று ஆரம்பிக்கும் எழுத்துகளின் கடைசியில் நாலு இலக்கம். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. கருப்பு பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தால் அந்த நாலு இலக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் படியுங்கள்.

8 செப்டம்பர்

கோவையிலிருந்து ஒருவர் எழுதியது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். புது வண்டி எடுத்த வாரமே அலாய் வீலும் அகல டயரும் மாட்டிக்கொண்டு, கம்பெனி டயரைக் கழற்றிக் கடையில் விட்டுப்போகிற ஆட்கள் உண்டு. அம்மாதிரி கழற்றிப்போட்ட டயர் கிடைத்தால், தேதி புதுசு, அளவு அதேதான் என்றால், அது லாபம். எல்லாப் பழசும் குப்பை என்கிற மாதிரி நான் சொன்னது அவசரம். ஆனால் நாலும் ஒரே மாதிரி, ஒரே வருடம் இருக்க வேண்டும். ஒன்று இது, ஒன்று அது என்று பொறுக்கிக் கொடுத்தால் அது கழற்றிப்போட்டது இல்லை, பொறுக்கிப்போட்டது.

8 செப்டம்பர், மாலை

ரீட்ரெட் (தேய்ந்த டயர்மேல் புதுப் பட்டன் ஒட்டுவது) பற்றிக் கேட்ட தம்பிக்கு: லாரிக்கு ரீட்ரெட் குற்றமில்லை. எங்கள் சித்தப்பா பத்து சக்கர லாரி வைத்திருந்த காலத்தில் முன்னால் புதுசு, பின்னால் ரீட்ரெட், அது எழுதாத சட்டம். ஒரு கேசிங் (டயரின் உடம்பு) நன்றாக இருந்தால் இரண்டு தடவைகூடப் பட்டன் ஒட்டுவார்கள். விமானச் சக்கரத்துக்கே ரீட்ரெட் போடுகிறார்கள். ஆனால் அந்த டயரெல்லாம் உடம்பை அதற்கென்றே தடியாகச் செய்தவை, விலையும் அப்படி. கார் டயரின் தோல் மெல்லிசு, புதுசே நாலாயிரத்துச் சொச்சம். மிச்சமாகிற காசுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

சித்தப்பாவின் கிளீனர் டீக்குடிக்க நிறுத்தும்போதெல்லாம் கையில் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு பத்து டயரையும் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார். "டங்" என்றால் சரி, "தொப்" என்றால் காத்து இல்லை. இரட்டைச் சக்கரத்தில் உள்டயர் இறங்கினால் வெளியே தெரியாது, அதற்குத்தான் இந்தத் தட்டல். எனக்கு ஆறு வயசில் அது ஏதோ பூஜை என்று நினைப்பு.

11 செப்டம்பர்

இந்த இழையில் நான் எழுதிய முதல் பதிலில் இரண்டாவது தப்பு. முதல் தப்பு காசுக் கணக்கு, போகட்டும். இது உயிர்க் கணக்கு. புது டயர் இரண்டும் முன்னால் அல்ல, பின்னால்.

ஊரில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் முன்னால் என்றுதான் சொல்வார். நானும் வாய்ப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். அனுபவத்தில் தெரிந்தும் எழுதினேன், அதுதான் வெட்கம்.

2018 ஐப்பசி. என் வண்டி 2012 ரிட்ஸ், இதே 165/80 ஆர்14. முன்னால் இரண்டு புது டயர் மாட்டி மூன்று வாரம். பின்னால் பழசு, திட்டைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. சேலத்திலிருந்து வருகிறேன், ஆண்டகளூர் கேட் தாண்டி லேசான வளைவு, நல்ல மழை, எழுபதில் வருகிறேன். முன்னால் ஒரு டெம்போ பிரேக் விளக்கு எரிந்தது. நான் பிரேக்கில்கூடக் கால் வைக்கவில்லை, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான். முன்சக்கரம் ரோட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டது, பின்பக்கம் என்னை முந்தப் பார்த்தது. ஸ்டியரிங் இந்தப் பக்கம் ஒடித்தேன், அந்தப் பக்கம் ஒடித்தேன், எதற்கும் வண்டி மசியவில்லை. நின்றபோது வந்த வழியைப் பார்த்து நிற்கிறோம். பின்னால் லாரி எதுவும் வரவில்லை, அதனால்தான் இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்சீட்டில் மாமியார் வீட்டுக்கு வாங்கின முட்டை இரண்டு அட்டை, அறுபது. பதினேழு உடைந்தது. மனைவி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "டயர் புதுசுன்னு சொன்னீங்களே" என்றாள். முட்டை வாடை தை மாதம் வரைக்கும் போகவில்லை.

காரணம் இதுதான். முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் கைக்குத் தெரியும், வண்டி நேரே போகப் பார்க்கும், காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிமானம் திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் முன்கூட்டித் தெரியாது, காலை எடுத்தாலோ இன்னும் மோசம், எடை முன்னே சாய்ந்து பின்பக்கம் லேசாகிவிடும். சாதாரண ஓட்டுநர் அதைத் திருப்பிப் பிடிக்க முடியாது. முன்சக்கரம் இழுக்கும் வண்டி, பின்சக்கரம் தள்ளும் வண்டி, இரண்டுக்கும் இதே பேச்சுத்தான். டயர் கம்பெனிகளே புதுசைப் பின்னால் போடச் சொல்கின்றன.

ஆக, ஈரோட்டு நண்பரே: பின்னால் இருக்கும் பாதிப் பட்டன் ஜோடி முன்னால் வரட்டும், புதுசு பின்னால் போகட்டும், கம்பி தெரியும் ஜோடி காயலான் கடைக்கு.

11 செப்டம்பர், இரவு

"அப்போ முன்னால் வரும் பழசு வழுக்காதா?" வழுக்கும், அதனால்தான் அதன் ஆழத்தை அளக்கச் சொல்கிறேன். புது டயரில் ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும். 1.6 என்பது கடைசிக் கோடு. மழைக்காலத்துக்கு 3க்குக் கீழே போனாலே நான் மாற்றிவிடுவேன். அளக்கும் கருவி இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ரூபாய் நாணயத்தை வைத்து அளக்கும் வித்தை ஒருவர் சொல்லியிருந்தார். நம் நாணயம் வருடத்துக்கு ஒரு தினுசாக வருகிறது, அதை நம்ப வேண்டாம்.

கேட்டவர் அளந்துவிட்டார். பின்ஜோடி 4, தேதி 4620. ஐந்து வருடம் ஆகப்போகிறது, பட்டனும் இருக்கிறது, சைடுவாலில் வெடிப்பும் இல்லை. இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும். அடுத்த வருடம் அடுத்த இரண்டு.

14 செப்டம்பர்

பிராண்ட் சண்டை ஆரம்பித்துவிட்டது. எதிர்பார்த்ததுதான்.

எம்ஆர்எஃப் ரசிகருக்கு: மறுப்பில்லை, திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் 1946இல் பிள்ளைகள் ஊதும் பலூன் செய்து தொடங்கியவர்கள், இன்றைக்கு அரக்கோணம், பெரம்பலூர் என்று போய்விட்டார்கள். அப்போலோ ஒரகடத்தில் செய்கிறது, ஜேகே ஸ்ரீபெரும்புதூரில். தமிழ்நாட்டுப் பாசத்தில் வாங்குவதென்றால் எல்லாமே நம் ஊர் டயர்தான்! தெரிந்த கம்பெனிகளின் டயரில் இந்த அளவில் உயிருக்கு ஆபத்தான வித்தியாசம் எதுவும் எனக்குப் படவில்லை. வித்தியாசம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. டாக்சிக்காரர்களுக்கு "லட்சம் கிலோமீட்டர் ஓடும்" என்று விற்கும் டயரில் ரப்பர் கெட்டி. கெட்டி ரப்பர் மெதுவாகத் தேயும், ஈர ரோட்டில் கவ்வுவதும் பொதுவாகக் குறைவு. வருடத்துக்கு ஐம்பதாயிரம் ஓடுகிறவருக்கு அது சரி. வாரம் ஒரு தடவை சேலம் போகிறவருக்கு லட்சம் கிலோமீட்டர் எதற்கு? பட்டன் தீரும் முன் ரப்பர் கிழடாகிவிடும்.

டயரில் ஒட்டிவரும் நட்சத்திர ஸ்டிக்கரை வைத்து "அஞ்சு ஸ்டார், ரொம்ப சேஃப்டி" என்று ஒரு கடையில் சொன்னார்களாம். அந்த நட்சத்திரம் எரிபொருள் மிச்சத்துக்கு. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறதே, அதன் சொந்தக்காரன். பிரேக் பிடித்தால் எங்கே நிற்கும் என்று அது சொல்லாது.

15 செப்டம்பர்

அளவு மாற்றலாமா என்பவர்களுக்கு. முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை பர்சென்ட் என்பது, ஆர்14 என்றால் ரிம் 14 அங்குலம். 165/80 ஆர்14க்குப் பதில் 185/70 ஆர்14 பலர் போடுகிறார்கள். கணக்குப் போட்டால் மொத்த விட்டம் 620க்கு 615 மில்லிமீட்டர், அதாவது ஒரே உயரம். ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், மைலேஜ் கொஞ்சம் குறையும், பிடிமானம் கூடும். காசும் கூடும், அதனால் இந்த பட்ஜெட்டுக்கு வேண்டாம். இரண்டு மட்டும் அகலமாகப் போட்டு இரண்டைப் பழைய அளவில் விடுவது அதைவிட வேண்டாம்.

175/65 ஆர்14 மலிவாக வந்தது என்று மாட்டிக்கொண்ட ஒருவரின் கதையை இந்த இழையில் படித்தேன். அதன் விட்டம் 583. வண்டி 18 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. எங்கள் தெரு வேகத்தடைகளுக்கு, தரைக்கும் வண்டியின் அடிக்கும் நடுவே 170 மில்லிமீட்டர் இருந்தும் பத்துவதில்லை. மீட்டர் நூறு காட்டும்போது வண்டி 94இல்தான் போகும். சரி, போலீஸ் பிடிக்காது.

அளவுக்குப் பின்னால் 85டி என்று இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், டி என்றால் 190 கிலோமீட்டர் வேகம் வரை. அந்த 85ஐ விடக் குறைந்த எண்ணை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கல்யாணத்துக்குப் போகும்போது அந்த வண்டியில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

15 செப்டம்பர், இன்னொன்று

டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் செகண்ட் குவாலிட்டியாம். யார் கிளப்பிவிட்டது? டயரின் எடை குறைந்த இடம் அது. காத்து வால்வு ரிம்மின் கனமான பக்கம், அதற்கு நேராக அந்தப் புள்ளியை வைத்து மாட்டினால் பேலன்சிங்குக்கு ஈயம் குறைவாகப் பிடிக்கும். அவ்வளவுதான்.

டயரில் நைட்ரஜன் அடிக்கலாமா என்றால்: நாம் மூச்சுவிடும் காத்தில் நூற்றுக்கு 78 பங்கு அதுதான். இலவசமாகக் கொடுத்தால் அடித்துக்கொள்ளுங்கள்.

17 செப்டம்பர்

தேதி பார்ப்பது பற்றி நான் எழுதியதில் ஒரு பாதி விட்டுப்போயிற்று. முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். மறுபக்கத்தில் கடைசி நாலு இலக்கம் இல்லாமல் எழுத்து மட்டும் இருக்கும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். 2021இல் ஒரு கடையில் (பேர் வேண்டாம்) புது டயர் இரண்டு, மற்ற கடையைவிட அறுநூறு குறைவு, பில் இல்லாமல் இன்னும் முந்நூறு குறைவு. நான் டீக்குடித்துவிட்டு வருவதற்குள் மாட்டி முடித்துவிட்டார்கள். வெளியே தேதி இல்லை. நானும் தேடவில்லை. ஒரு வருடம் கழித்துப் பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றிக் குப்புறப் போட்டபோது, பஞ்சர் போடும் பையன் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினான்: 1117. நான் வாங்கின நாளிலேயே நாலு வயசு. தேதிப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருக்கிறார்கள். பில் இல்லை, எதைக் காட்டிச் சண்டை போடுவது?

அதனால் டயர் ரிம்மில் ஏறும் முன் தரையில் கிடக்கும்போதே இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். டீ அப்புறம் குடிக்கலாம். எனக்கு ஒரு வருடம் வரை ஆன டயர் சரி, இரண்டு வருடம் தாண்டினால் வேண்டாம்.

18 செப்டம்பர்

எத்தனை வருடத்தில் தூக்கி எறிவது என்று கேட்டவருக்கு: ஐந்து வருடம் ஆனதும் வருடா வருடம் கழற்றிப் பார்க்கச் சொல்கிறது மிஷெலின். பத்து வருடம் ஆனால் பட்டன் புதுசாக இருந்தாலும் போ என்கிறது, ஸ்டெப்னி உட்பட. நம் வெயிலுக்கு நான் ஏழு என்று வைத்திருக்கிறேன்.

"உங்கள் ஸ்டெப்னி எந்த வருடம்?" என்று கோவைக்காரர் கேட்கிறார். பார்த்துச் சொல்கிறேன்.

24 செப்டம்பர்

ஈரோட்டு நண்பர் நேற்று வாங்கிவிட்டார். ஒன்று 4,520, பில்லோடு. முதலில் கடைக்காரர் எடுத்துப் போட்டது 3023. "ரெண்டு வருஷம்தானே சார், குடோன்லயே இருந்தது" என்றாராம். இவர் வேண்டாம் என்று எழுந்ததும் அடுக்கின் பின்னாலிருந்து 2825 இரண்டு வெளியே வந்திருக்கிறது. முன்னால் அடுக்குவது பழசு, பின்னால் புதுசு, எல்லா மளிகைக் கடைப் பால் பாக்கெட்டும் அப்படித்தான்.

பின்னால் மாட்டச் சொன்னதற்குச் சிரித்தார்களாம். "சார் யூடியூப் பாப்பீங்களா?" காசு கொடுப்பவர் நீங்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

இரண்டும் 9,040. அலைன்மென்ட், பேலன்சிங் 750. மிச்சம் 210 ரூபாய். ஆழம் அளக்கும் கருவி வாங்கிவிட்டாராம்!

25 செப்டம்பர்

மறந்தே போனேன். காத்துத் துப்பாக்கியால் நட்டை இறுக்குவார்கள், டர்ரென்று. கடை வாசலிலேயே உங்கள் வண்டியில் இருக்கும் ஸ்பானரால் ஒரு நட்டையாவது கழற்றிப் பாருங்கள். கழலவில்லை என்றால் அங்கேயே தளர்த்திக் கையால் இறுக்கச் சொல்லுங்கள். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவில் ஐம்பத்தி எத்தனையாவதிலோ ஸ்பானர் மேல் ஏறி நின்று குதித்திருக்கிறேன். நட்டு அசையவில்லை, ஸ்பானர் வளைந்தது. பலாப்பழம் ஏற்றிவந்த ஒரு பிக்கப்காரர் நீளக் குழாய் ஒன்றை ஸ்பானரில் செருகி ஒரே அழுத்தில் எடுத்துக் கொடுத்தார். பழமும் ஒன்று கொடுத்தார், அதற்குக் காசு வாங்கிக்கொண்டார்.

இறுக்கம் குறைவாகவும் இருக்கக் கூடாது. நூறு கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை எல்லா நட்டையும் பார்த்துவிடுங்கள்.

1 அக்டோபர்

ஆயுத பூஜை. நாலு டயருக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. பழம் வைக்கக் குனிந்த சாக்கில் உள்ஓரத்தைத் தடவிக்கொள்ளுங்கள், வருடத்தில் அந்த ஒரு நாளாவது குனிகிறோம்.

நடுரோட்டில் பூசணிக்காய் உடைப்பவர்களே, ஓரமாக உடையுங்கள். பைக் ஓட்டுகிறவர் டயர் எவ்வளவு புதுசானாலும் அதில் வழுக்கும்.

19 அக்டோபர்

நாளைக்குத் தீபாவளி, ஊருக்குப் போகிறவர்கள் எல்லாம் காத்து எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருந்தால் அதையே வையுங்கள். டயர் பக்கவாட்டில் 44, 51 என்று இருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம், அதைப் பார்த்து அடிக்காதீர்கள். டயர் ஆறியிருக்கும்போது அடியுங்கள், அதாவது வீட்டுப் பக்கத்துப் பெட்ரோல் பங்கில். ஐம்பது கிலோமீட்டர் ஓடிச் சூடான டயரில் கூடுதலாகக் காட்டுகிறது என்று காத்தைப் பிடுங்கினால், ஆறினதும் குறைந்து நிற்கும்.

2 நவம்பர்

ஈரோட்டிலிருந்து சேதி. நல்ல மழையில் சேலம் போய் வந்தாராம், சங்ககிரிப் பக்கம் தண்ணீர் தேங்கின இடத்தில் ஸ்டியரிங் ஒரு நொடி லேசானது, காலை எடுத்ததும் பிடித்துக்கொண்டது என்கிறார். முன்னால் 4 மில்லிமீட்டர் டயர் தண்ணீர்மேல் மிதக்கப் பார்த்திருக்கிறது, பின்னால் புதுசு நகரவில்லை. இது எண்பதில் நடந்ததாம். மழையில் அறுபது போதும் நண்பரே. டயர் மாற்றினது சீக்கிரம் போய்ச் சேர இல்லை.

9 நவம்பர்

டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டு ஓட்டலாமா என்ற கேள்விக்கு நான் "கூடவே கூடாது" என்று எழுதியிருந்தேன். திருச்சியிலிருந்து ஒருவர், ரிம் நெளிந்து நடுராத்திரி வழியில் நின்றபோது டியூப் போட்டுத்தான் வீடு சேர்ந்தேன், அப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக் கோபித்துக்கொண்டார். அவர் சொல்வதும் சரி. வீடு சேரப் போடலாம், மெதுவாகப் போகலாம். அப்படியே ஆறு மாதம் ஓட்டுவதைத்தான் சொன்னேன்: உள்ளே உராய்ந்து சூடாகும், ஆணி ஏறினால் டியூப்லெஸ் மாதிரி மெதுவாக இறங்காது. ரிம்மை நெளிவெடுத்துவிட்டு டியூப்பைக் கழற்றுங்கள்.

6 டிசம்பர்

கோவைக்காரர் நாலாவது தடவையாக என் ஸ்டெப்னி பற்றிக் கேட்கிறார். இப்போது வரும் புது வண்டிகளில் ஸ்டெப்னியே தராமல் விட 2020இலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள், டியூப்லெஸ் டயரும் காத்து அளவு காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் போதும் என்று சட்டத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தேன். "உங்க ரிட்ஸ்ல அதெல்லாம் இருக்கா?" என்கிறார். இல்லை.

7 டிசம்பர்

டிக்கியில் இருந்த அரிசிச் சிப்பம், சாக்கு, கிழிந்த குடை, எப்போதோ தொலைந்த இடதுகால் செருப்பு எல்லாம் எடுத்து வெளியே வைத்துவிட்டு ஸ்டெப்னியைத் தூக்கினேன். ஒரு தடவைகூட ரோட்டைத் தொடாத டயர், அச்சில் வார்த்த ரப்பர் முள் அப்படியே நிற்கிறது. காத்து எட்டு பவுண்டு.

தேதி 0912.

சிரிப்பவர்கள் சிரித்து முடித்தால், நாமக்கல்லில் 165/80 ஆர்14 இப்போது என்ன விலை போகிறது என்று யாராவது சொல்லுங்கள். ஒன்று மட்டும் போதும்.